பெட்டியில் ஒட்டிய சாம்பியன்

போனில் தொடர்கதை படிக்கிறவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். இப்போதெல்லாம் தமிழில் யார் குத்துச்சண்டைக் கதை எழுதினாலும் நாயகன் இடதுகைக்காரனாகத்தான் இருப்பான். எதிராளியை அடித்துவிட்டு மனசுக்குள் மன்னிப்புக் கேட்பான். போட்டிக்கு முன்னால் ஒரு துண்டு கருப்பட்டியைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வான். கோயம்புத்தூர்க்காரர் எழுதினாலும் இப்படித்தான். குத்துச்சண்டையைக் கனவில்கூடப் பார்த்திராத கும்பகோணத்து டீச்சர் எழுதினாலும் இப்படித்தான். இந்தக் கூத்தை ஆரம்பித்து வைத்தவள் நான். எனக்கு ஆரம்பித்துக் கொடுத்தவர் அப்போது விருதுநகரில் இருந்த ஒரு மனுஷர். மாநிலச் சாம்பியன். பிறவியிலேயே வலதுகைக்காரர்.

ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. சாம்பியன் என்றால் அவர்தான், அதனால் நானும் அப்படியே சொல்கிறேன். விளையாட்டு ஒதுக்கீட்டில் சூலக்கரையில் அரசாங்க வேலை பார்த்தார். பிறகு மாற்றலாகி ராமநாதபுரம் பக்கம் போய்விட்டார். பெரிய உயரமில்லை. மூக்கு மட்டும் ஒரு பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்திருக்கும். மற்றபடி இவர் ஒரு காலத்தில் ஆட்களை அடித்துக் கீழே போட்டவர் என்று கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டீர்கள். ரேஷன் கடை வரிசையில் பின்னால் வந்தவரை முன்னால் விட்டுவிட்டு நிற்கிற ஆள்.

அவரிடம் ஒரு குணம் உண்டு. அடுத்தவர் சொன்னது தப்பு என்று சொல்ல அவருக்கு வாயே வராது. தன்னைப் பற்றித் தப்பாகச் சொன்னால் இன்னும் மோசம். அதைத் திருத்தமாட்டார். தான் அப்படி மாறிவிடுவார்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு டீக்கடை. அந்த மாஸ்டர் ஒருநாள் வேறு யாரையோ நினைத்துக்கொண்டு, "உங்களுக்குச் சுகர்தான?" என்று சீனி போடாமல் டீயைக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து அந்தக் கடையில் சாம்பியனுக்குச் சீனியில்லாத டீதான். முகத்தைச் சுளிக்காமல் குடித்துவிட்டு, வேறு கடைக்குப் போய்ச் சீனி போட்டு ஒன்று குடிப்பார். "சொல்லிர வேண்டியதுதானண்ணே?" என்று கேட்டேன்.

"அந்த மனுசன் அம்புட்டு அக்கறையா ஞாபகம் வச்சுக் குடுக்காரு. அவரப் போயி பொய்யாக்கவா? சொன்னது சொன்னபடி இருக்கட்டும் தாயி."

சொன்னது சொன்னபடி இருக்கட்டும். இதுதான் அவர் வாய்ப்பாடு.

ஆமத்தூரில் ஒரு கல்யாணம். அலுவலகத்து நண்பருக்காகப் போனவர், மொய் எழுதிவிட்டுத் திரும்புகிற எண்ணத்தில் இருந்தார். ஒரு பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு, "பொண்ணுக்குச் சித்தப்பாதான நீங்க? பந்தியப் பாக்க ஆளில்ல, ஓடுங்க" என்றார். ஓடினார். கடைசிப் பந்தி எழுந்திருக்கிற வரைக்கும் ரசவாளியோடு நின்றார். நிஜச் சித்தப்பா தாமதமாக வந்து சேர்ந்தபோது அவரையும் உட்காரவைத்து, அப்பளம் கேட்டு வாங்கிப் போட்டு, "பொண்ணு வீடா, மாப்பிள்ள வீடா?" என்று விசாரித்திருக்கிறார். இதை அவரே சொல்லித்தான் எனக்குத் தெரியும். சொல்லும்போது அந்தக் குடும்பத்துக் கஷ்டநஷ்டங்களை எல்லாம் சொந்தக் கதை போலச் சொன்னார்.

இப்படிப்பட்டவர் படத்தைத்தான் பட்டாசு கம்பெனி ஒன்று புது வெடிப் பெட்டியில் போட ஆசைப்பட்டது.

லேபிள் ஆர்டர் சிவகாசியில் நான் ப்ரூஃப் பார்க்கிற அச்சகத்துக்கு வந்தது. பழைய போட்டி ஒன்றில் எடுத்த படம். வெறும் பனியன், வலது கையை முழுசாக நீட்டி ஒரு குத்து. படம் பிரமாதம். ஒரே குறை, கம்பெனிப் பெயர் இருக்கிற பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கமாக அவர் பார்த்துக்கொண்டிருந்தார். லேபிள் அடிக்கிறவர்களுக்கு இது பாலபாடம். படத்தில் இருப்பது கிளியோ, குழந்தையோ, புலியோ, எதுவானாலும் முகம் கம்பெனிப் பெயரைப் பார்க்க வேண்டும். பெயருக்கு முதுகைக் காட்டினால் சரக்கு நகராது என்று முதலாளிமார் சிலருக்கு ஒரு நம்பிக்கை. எங்கள் டிசைனர் யோசிக்கவே இல்லை. மவுசில் ஒரு தட்டு, சாம்பியன் திரும்பிவிட்டார். வலது கை இடது கையாகிவிட்டது. கிளிக்கு இதனால் ஒன்றும் ஆவதில்லை, புலிக்கும் இல்லை. குத்துச்சண்டைக்காரருக்கு ஆகும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ப்ரூஃபில் நான் எழுத்தைத்தான் பார்ப்பேன், கையை அல்ல.

சீசனுக்கு முன்னால் வெளியூர் வியாபாரிகளைக் கூப்பிட்டுப் புதுச் சரக்கைக் காட்டுகிற நாள் வந்தது. மாதிரிப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நானும் டிசைனரும் போயிருந்தோம். சாம்பியன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். "படத்துல நிக்கிற மாதிரி நில்லுங்க" என்று முதலாளி ஆசையாகச் சொன்னார். சாம்பியன் இடது காலை முன்னால் வைத்து, வலது முஷ்டியைப் பின்னால் இழுத்து நின்றார். வந்திருந்த வியாபாரிகளில் ஒருவருக்குக் கல்லூரி நாளில் குத்துச்சண்டைப் பழக்கம் உண்டாம். பெட்டியைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். "என்னங்க, வலதுகைக்காரர் மாதிரி நிக்கறாரு, படத்துல எல்லாம் தலைகீழா இருக்குது?"

முதலாளி டிசைனரைத் திரும்பிப் பார்த்தார். டிசைனர் முகத்தில் ரத்தமில்லை. லேபிள் அத்தனையும் அடித்து லோடும் போய்ச் சேர்ந்தாகிவிட்டது. அந்த ஒரு பார்வையில் தன் வேலை போய்விட்டது என்றே அவர் நினைத்தாராம், பிறகு சொன்னார். சாம்பியன் பெட்டியைப் பார்த்தார், டிசைனரைப் பார்த்தார். காலை மாற்றி வைத்தார். வலது கால் முன்னால், இடது முஷ்டி பின்னால்.

"கூட்டத்தப் பாத்ததும் பதறிப்போச்சுங்க முதலாளி. மாத்தி நின்னுட்டேன். நமக்கு எப்பவும் இடதுதான்."

நான் கையெட்டும் தூரத்தில் நின்றேன். அப்படியே நம்பினேன். நம்பியவர்களில் என்னைப்போல் சந்தோஷப்பட்டவர் வேறு யாரும் இருக்க முடியாது. ஏனென்றால் நான் இடதுகைக்காரி.

அந்தச் சந்தோஷம் புரிய வேண்டுமானால் என் மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அத்தை அதே பட்டாசு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தார். பெண்கள் நெருக்கமாக வரிசையில் உட்கார்ந்து பெட்டியை மடிப்பார்கள், லேபிள் ஒட்டுவார்கள், அடுத்தவளுக்குத் தள்ளுவார்கள். எல்லார் கையும் ஒரே பக்கமாகப் போய்வந்தால்தான் வேலை ஓடும். நடுவில் ஒரு இடதுகைக்காரி உட்கார்ந்தால் முழங்கையும் முழங்கையும் இடிக்கும். பசை கொட்டும், பெட்டி கோணும், சண்டை வரும். அத்தை அந்தச் சட்டத்தைக் கம்பெனி வேனில் ஏற்றி வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து நான் வரிசையில் தப்பாக வந்து உட்கார்ந்தவள்.

"சோத்தாங்கை ஒண்ணு இருக்கும்போது பீச்சாங்கை எதுக்குத்தா முன்னால வருது?" குழம்பு ஊற்றினால் இந்தக் கேள்வி. விளக்கேற்றினால் இந்தக் கேள்வி. தண்ணீர்ச் செம்பை நீட்டினால் கேள்விகூடக் கிடையாது, கையை மாற்றுகிற வரைக்கும் வாங்கிக்கொள்ளாமல் சும்மா பார்த்துக்கொண்டு நிற்பார். வலது கையால் நான் போட்ட கோலத்தைக் கோழி கிளறியது என்று தெருவில் நினைத்தார்கள். என் வீட்டுக்காரரிடம் முறையிட்டால், "எதுக்கு வம்பு, அந்தக் கையாலயே செஞ்சிரேன்" என்பார். அவருக்கு இரண்டு கையும் சோற்றுக்குத்தான். நான் வேலைக்குப் போனதே என் இடது கையைக் கொஞ்சம் காற்றாட விடுவதற்குத்தான்.

வியாபாரிகள் வந்துபோன கொஞ்ச நாளில் ஒரு சாயங்காலம் அத்தை வேனிலிருந்து இறங்கி, முந்தானையில் முடிந்திருந்த ஒரு லேபிளை எடுத்து என் முன்னால் விரித்தார்.

"ஏத்தா, இங்கன பாரு. கப்பு வாங்குன ஆளே பீச்சாங்கையாலதான் குத்துறான். நாளெல்லாம் ஒட்டுறேன், இன்னைக்குத்தான் கண்ணுல பட்டுச்சு."

"ஆமாத்தே. அவுகளே சொன்னாக. என் காதாலயே கேட்டேன்."

அத்தை லேபிளைத் தடவிப் பார்த்தார். மறுபடி முந்தானையிலேயே முடிந்துகொண்டார். மறுநாள் தோசையை இடது கையால் திருப்பிப் போட்டேன். பார்த்தார், சாப்பிட்டார். அதற்கு மறுநாள் வாசலில் இடது கையால் கோலம் போட்டேன். கதவில் சாய்ந்து நின்று கடைசி இழை வரைக்கும் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்று உள்ளே போனார். நான் அடுப்படியில் போய் நின்று அழுதேன். ஒரு கோலத்துக்கு அழுவார்களா என்று கேட்டால், அழுவார்கள்.

அந்த வேகத்தில் எழுத ஆரம்பித்ததுதான் தொடர்கதை. குத்துச்சண்டை பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. போனில் நாலு போட்டிகளைப் பார்த்தேன், மீதியை லேபிளைப் பார்த்து எழுதினேன். நாயகன் பெயர் இடதுகைப் புலி. அத்தியாயத்துக்கு ஒருவனைச் சாய்ப்பான், சாய்த்துவிட்டு வருந்துவான். வீட்டில் தட்டி வளர்க்கப்பட்ட இடதுகைக்காரர்கள் நாட்டில் இத்தனை பேர் ஒளிந்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. ஒருத்தி எழுதியிருந்தாள், உங்கள் கதையை என் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், கையில் சூடு வைப்பேன் என்று மிரட்டுவதை நிறுத்திவிட்டாள் என்று. மற்ற எழுத்தாளர்கள் சும்மா இருப்பார்களா? அவரவர் கதையிலும் ஆளுக்கொரு இடதுகைக்காரன் கிளம்பினான்.

சாம்பியன் ஒருநாள் அச்சகத்துக்கே வந்துவிட்டார். "என்னயப் பத்தி எழுதுறீகளாமே." கோபம் என்று நினைத்து எழுந்து நின்றேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அடுத்த வாரம் என்னத்த எழுதப் போறீக? முன்னமே சொன்னா கொஞ்சம் பழகிக்கிருவேன்."

நான் விளையாட்டு என்று நினைத்தேன். "கருப்பட்டிண்ணே. சண்டைக்கு முன்னால கன்னத்துல ஒதுக்கிக்கிருவீக." அடுத்த தடவை பார்த்தபோது சட்டைப் பையில் காகிதத்தில் மடித்த கருப்பட்டி. ஒரு துண்டைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு பேசினார், பாதி வார்த்தை விளங்கவில்லை. அந்தச் சமயத்தில் மதுரையிலிருந்து ஒரு எழுத்தாளர், ஆராய்ச்சி செய்து எழுதுகிறவர், சாம்பியனை நேரில் பார்க்க வந்தார். கருப்பட்டியை நேரில் பார்த்தார். தன் கதையில் எழுதி, கண்ணால் கண்டது என்று அடியில் குறிப்பும் போட்டார். அதற்கப்புறம் கருப்பட்டியைத் தொடாத குத்துச்சண்டைக்காரன் தமிழில் கிடையாது.

எனக்குக் குஷி வந்துவிட்டது. இடதுகைப் புலி எதிராளியின் அம்மா இருக்கும் பக்கம் திரும்பிக் கும்பிடுவான் என்று எழுதினேன். சாம்பியன் தெருவில் யார் அம்மாவைப் பார்த்தாலும் கும்பிட்டார். ஒருநாள் வீட்டில் கத்திரிக்காய்க் குழம்பு, எனக்கோ ஆகாது. அந்தக் கடுப்பில், புலி கத்திரிக்காயைக் கையால் தொடமாட்டான் என்று ஒரு வரி எழுதிவிட்டேன்.

அந்த வரிதான் சாம்பியன் சம்சாரத்தை அச்சக வாசலுக்குக் கொண்டுவந்தது. நல்ல ஆகிருதி. அவர் வந்து நின்ற தோரணையைப் பார்த்தபோது, மாநிலக் கப் தப்பான ஆளிடம் போய்விட்டதோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

"கதை எழுதுற புள்ள நீதானா?"

"ஆமா மதினி. உள்ள வாங்க."

"வாரதெல்லாம் இருக்கட்டும். கல்யாணமான நாள்ல இருந்து கத்திரிக்காக் குழம்புன்னா சட்டிய வழிச்சுச் சாப்புட்ட மனுசன். இப்ப வேணாம்ங்காக. ஏன்னு கேட்டா, அந்தப் புள்ள எழுதிருச்சு, நாலு பேரு படிக்காகன்னு சொல்றாக. நீ என்ன எங்க வீட்டுக்குச் சமையக்காரியா?"

"மாத்தி எழுதிர்றேன் மதினி."

"அதாவது போகுது. விடிஞ்சா கொல்லையில நின்னுக்கிட்டு பீச்சாங்கையால மணல் மூட்டயக் குத்துறாக. சவரமும் அந்தக் கையாலதான். மூஞ்சியப் பாத்தியா, முள்ளுக்காட்டுக்குள்ள போயிட்டு வந்த மாதிரி இருக்கு. பொறந்ததுல இருந்து சோத்தாங்கைக்காரவுக. எவனோ படத்தத் திருப்பிப் போட்டான்னு இவுகளும் திரும்பிக்கிட்டாக!"

கத்திரிக்காய் விஷயத்தை அடுத்த அத்தியாயத்திலேயே சரிசெய்தேன். புலியின் அம்மா ஊட்டிவிட, அவன் கண் கலங்கிச் சாப்பிட்டான். அன்று சாம்பியன் வீட்டில் சட்டி மறுபடியும் வழிக்கப்பட்டதாகக் கேள்வி. ஆனால் கையை? அதை எப்படி மாற்றுவேன்? அத்தை என் கையை விட்டதே அந்த லேபிளை நம்பித்தான். அது பொய் என்று தெரிந்தால் மறுநாளே என் கோலத்தைக் கோழி கிளற ஆரம்பித்துவிடும். ஒரு வருஷத்துக்கு மேலாக எந்தக் கையால் செய்கிறோம் என்று நினைத்துப் பார்க்காமல் வாழ்ந்துவிட்டேன். மறுபடி அந்தக் கேள்விக்குள் போய் உட்கார என்னால் முடியாது.

டிசைனரைப் பிடித்து உலுக்கினேன், உண்மை என்று தலையை ஆட்டினார். நேராகச் சாம்பியனிடம் போனேன்.

"ஏண்ணே இப்படிச் செஞ்சீக?"

"டிசைனர் தம்பி முகத்தப் பாத்தேன், வாயில வந்துருச்சு. பெறகு நீங்க எழுதிட்டீக. உங்க அத்தை ஒட்டிட்டாக. ஊரெல்லாம் வெடிச்சிட்டாக. அம்புட்டுப் பேரையும் மாத்துறதுக்கு நான் ஒருத்தன் மாறிக்கிறது லேசுதான தாயி?"

எனக்குச் சட்டென்று கோபம் வந்தது. யார் எதைச் சொன்னாலும் அதுவாகிவிடுகிற மனுஷரிடம் அவருடையது என்று என்னதான் மிச்சம் இருக்கும்? அதையே கேட்டும்விட்டேன்.

"நம்ம விருதுநகர் மைதானத்துல நான் தோத்ததில்ல. அது ஒண்ணு இருக்கு."

தன்னைப் பற்றி அவர் வாயிலிருந்து பெருமையாக நான் கேட்ட ஒரே வார்த்தை அதுதான்.

அந்த ஒன்றுக்கும் வேட்டு வைத்தார் கம்பெனி முதலாளி. அடுத்த சீசனுக்குப் பெரிய பெட்டி இறக்கப் போகிறோம், விளம்பரத்துக்கு அதே மைதானத்தில் ஒரு காட்சிப் போட்டி நடத்துவோம், காலேஜ் பையன் ஒருவனோடு மூன்று ரவுண்டு, சாம்பியன் தன் இடது கையைக் காட்டட்டும் என்றார். மறுத்திருக்கலாம். முதலாளி வாயால் சொன்னதைச் சாம்பியனாவது மறுப்பதாவது. ஊர் முழுக்கத் தட்டி கட்டினார்கள். "இடதுகைப் புலி மீண்டும் களத்தில்." என் கதைப் பெயர், என்னைக் கேட்கவில்லை.

போட்டி சாயங்காலம். பேக்கிங் பிரிவுப் பெண்களைக் கம்பெனி வேனிலேயே ஏற்றிவந்து முன்வரிசை நாற்காலிகளில் உட்காரவைத்தார்கள். வேலையில் உட்கார்கிற வரிசையிலேயே வந்து உட்கார்ந்தார்கள். அத்தை மட்டும் ஓரத்துக்கு வந்துவிட்டார், அவருக்கு ஒரு பக்கம் நான், இன்னொரு பக்கம் சாம்பியன் சம்சாரம். அந்த நாற்காலியில் அவர் வந்து உட்கார்ந்ததைப் பார்த்ததுமே இவர் வாயைத் திறந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன்.

காலேஜ் பையன் வெடவெடவென்று உயரம். பெரியவரை அடிக்கிறோமே என்ற கூச்சம் அவனுக்கு முதல் ரவுண்டில் பாதி வரைதான் இருந்தது. சாம்பியன் வலது காலை முன்னால் வைத்து, இடது கையைப் பின்னால் தேக்கிவைத்து நின்றார். கொல்லையில் மணல் மூட்டையோடு பழகியது தெரிந்தது. ஆனால் மணல் மூட்டை திருப்பி அடிக்காது. பையன் அடித்தான். இரண்டாவது ரவுண்டு முடிந்தபோது சாம்பியன் உதடு வீங்கியிருந்தது. பேக்கிங் பெண்கள், "இடது கையப் போடுங்க! இடது கையப் போடுங்க!" என்று கத்தினார்கள். அத்தைக்கு அந்தப் பக்கம் மதினி வாயை முந்தானையால் பொத்திக்கொண்டிருந்தார். நல்லவேளை என்று நினைத்தேன்.

மூன்றாவது ரவுண்டில் சாம்பியன் களைத்துவிட்டார். களைத்ததும் உடம்பு தன் பாட்டுக்கு வேலை செய்தது. இடது கால் முன்னால் வந்தது. வலது முஷ்டி பின்னால் போனது. வளைந்து நின்ற மனுஷர் நிமிர்ந்துவிட்டார். பையன் கையைத் தாழ்த்தியிருந்தான், தாடைக்குக் காவலே இல்லை. குத்துச்சண்டை தெரியாத எனக்கே தெரிந்தது, ஒரே ஒரு குத்துப் போதும், மைதானம் அவருடையது.

அவர் எங்கள் வரிசையைப் பார்த்தார். லேபிள் ஒட்டிய பெண்கள், லேபிளைப் பார்த்துக் கதை எழுதிய நான், ஓரமாக நகத்தைக் கடித்துக்கொண்டு டிசைனர். பார்த்துவிட்டு, காலை மாற்றினார். மாற்றுகிற அந்த இடைவெளியில் பையனின் கை வந்து விழுந்தது. சாம்பியன் உட்கார்ந்துவிட்டார்.

மதினி முந்தானையை விட்டுவிட்டார்.

"அந்தக் கையாலயே போட்டா என்ன! பொறந்ததுல இருந்து உங்க கை அதுதான! யாருக்காக இப்படி மிதி வாங்குறீக!"

அத்தை மெல்லத் திரும்பி மதினியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

சாம்பியன் எழுந்தார். மிச்ச நேரம் நின்று சண்டை போட்டார். மணி அடிக்கப் போகிற சமயத்தில் இடது கையால் ஒன்று வைத்தார், சுத்தமான ஒன்று. பையன் தள்ளாடிப் பின்னால் போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டான். ஆனாலும் புள்ளிக் கணக்கில் பையன்தான் ஜெயித்தான். சாம்பியன் அவன் கையைத் தூக்கிப் பிடித்துவிட்டு, அவன் அம்மா எங்கே என்று தேடிப் பிடித்து அவருக்கும் ஒரு கும்பிடு போட்டார்.

கூட்டம் கலைந்தது. மேடைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்திருந்தார்கள். மதினி ஈரத்துணியால் உதட்டை ஒற்றிக்கொண்டே திட்டிக்கொண்டிருந்தார். யாரோ என் கையில் ஒரு சோடாவை உடைத்துக் கொடுத்து, அவரிடம் கொடுக்கச் சொன்னார்கள். அத்தை எனக்கு முன்னால் போய் நின்றுவிட்டார்.

"தம்பி. ஒண்ணு கேக்கேன். உங்களுக்குச் சோத்தாங்கையா, பீச்சாங்கையா?"

நான் அந்த மனுஷரை அவ்வளவு இக்கட்டில் பார்த்ததில்லை. காலேஜ் பையன் அடித்தபோதுகூட அந்த முகம் இல்லை. சோத்தாங்கை என்றால் அத்தை ஒட்டிய லேபிள் பொய், டிசைனர் பொய், நான் பொய். பீச்சாங்கை என்றால் இத்தனை பேர் முன்னால் தொண்டை கிழியக் கத்திய சம்சாரம் பொய். அவர் மதினியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இரண்டு கையையும் மடியில் வைத்து அவற்றையும் பார்த்தார். உதடு வீங்கியிருந்ததால் வார்த்தை மெல்லத்தான் வந்தது.

"பொறந்தது சோத்தாங்கைம்மா. வளத்தது பீச்சாங்கை."

மதினி துணியை ஒற்றுவதை நிறுத்திவிட்டார். அத்தை நகரவில்லை. அந்தப் பதிலை, வரிசையில் வந்த பெட்டியை ஓட்டை ஒடிசல் பார்க்கிற மாதிரி, மனசுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் வெளியே வந்தாகிவிட்டது, இனி மறைக்க ஒன்றுமில்லை. சாம்பியனுக்குக் கொடுக்க வேண்டிய சோடா இன்னும் என் இடது கையில்தான் இருந்தது. அத்தை கண் அதன்மேல் போனதைப் பார்த்ததும், பழைய பயத்தில், அவசர அவசரமாக அதை வலது கைக்கு மாற்றப் போனேன். பாட்டில் சரிந்து நுரை மணிக்கட்டில் வழிந்தது.

"எதுக்குத்தா கைய மாத்துற?" என்றார் அத்தை. "சிந்துது பாரு. அந்தக் கையாலயே குடு."